குணசேகரனைத் திட்டிக்கொண்டே மாரிமுத்துவை நேசித்த ஊர்

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. திருகோணமலையில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனவர்கள் கும்பிட்டு முடித்து வீடு வந்து சேர்வதற்குள் செய்தி பரவிவிட்டது. "நடிகர் மாரிமுத்து காலமானார்" என்று போனில் வந்ததைப் பார்த்துச் சிலருக்கு ஆளே பிடிபடவில்லை. "குணசேகரன் அக்கா, எதிர்நீச்சல் குணசேகரன்" என்றதும்தான் வாயில் கையை வைத்தார்கள். சன் ரீவியின் 'எதிர்நீச்சல்' நாடகத்தில் அவர் நடித்த வில்லனின் பெயர் அது. முதல் நாள் இரவு வரைக்கும் "இவன் நல்லா இருப்பானா, நாசமாப் போவான்" என்று ரீவியைப் பார்த்து மண்ணள்ளித் தூற்றாத குறையாகத் திட்டியவர்கள்தான் அன்று பகல் முழுக்க "ஐயோ, நல்ல மனுசன்" என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் இங்கே அவருக்கு இருந்த மவுசு அவர் உயிரோடு இருக்கும்போதே வந்தது. கிண்ணியா பஸ்ஸில் படியில் தொங்குகிற பொடியனை உள்ளே ஏறச் சொல்லும் கொண்டக்டர் குணசேகரன் மாதிரி "ஏய்... இந்தாம்மா ஏய்" என்றால் பஸ் முழுக்கச் சிரிக்கும். தமிழர், முஸ்லிம் என்று பார்க்காத சிரிப்பு அது. வீட்டில் தகப்பன் கொஞ்சம் குரலை உயர்த்தினால் பிள்ளைகள் "குணசேகரன் வந்திட்டார்" என்பார்கள். தகப்பனுக்கு அதற்கு மேல் கோபப்பட முடியாது. கோபப்பட்டால் அது உண்மையாகிவிடும்.

அந்தப் பகிடியில்தான் இந்த நடிகர் செய்த வேலை முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். எங்கள் வீடுகளில் எப்போதும் இருந்துவந்த ஒரு அதிகாரத்துக்கு அவர் முகமும் குரலும் பெயரும் கொடுத்தார். அதற்குப் பிறகு அதைச் சுட்டிக்காட்டிச் சிரிக்க முடிந்தது.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்தில் வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி என்ற கிராமத்தில் 1967இல் பிறந்தவர் ஜி. மாரிமுத்து. இயக்குநராக வேண்டும் என்ற ஆசையில் 1990 வாக்கில் சென்னைக்குப் போனார். போனவருக்கு முதலில் கிடைத்தது ஹோட்டலில் சர்வர் வேலை. இலக்கியம் வாசிக்கிற பழக்கம் அவரைக் கவிஞர் வைரமுத்துவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்து ராஜ்கிரணிடம் 'அரண்மனைக் கிளி' (1993), 'எல்லாமே என் ராசாதான்' (1995) படங்களில் உதவி இயக்குநர். பிறகு மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம் வேலை செய்தார். சொந்தமாக 2008இல் 'கண்ணும் கண்ணும்', 2014இல் 'புலிவால்' என்று இரண்டு படங்களை இயக்கினார். இரண்டும் அவரைப் பெரிய இயக்குநர் ஆக்கவில்லை. நடுவில் 2011இல் மிஷ்கின் 'யுத்தம் செய்' படத்தில் அவரைப் பொலிஸ்காரராக நடிக்க வைத்தார். அதிலிருந்து நடிப்பு ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. பொலிஸ், தகப்பன், ஊர்ப் பெரியவர் என்று ஏகப்பட்ட படங்களில் வந்துபோனார். முகம் தெரியும், பெயர் தெரியாது. அந்த நிலைமையில்தான், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 2022 பெப்ரவரியில் சன் ரீவியில் 'எதிர்நீச்சல்' தொடங்கியது.

இயக்கியவர் திருச்செல்வம். எங்கள் ஊரில் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'கோலங்கள்' நாடகத்தை இயக்கி, அதிலேயே தோழர் தொல்காப்பியனாக நடித்தவர் என்றால் அம்மம்மாமாருக்கே தெரியும். (நாங்கள் இதையெல்லாம் நாடகம் என்றுதான் சொல்வோம். 'சீரியல்' இங்கே பிந்தி வந்த சொல்.) கோலங்கள் ஓடிய காலத்தில் இலங்கை நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முன்னால் இருந்தது. 1996இல் மாற்றிய கடிகாரத்தை 2006 ஏப்ரலில்தான் பழையபடி திருப்பினார்கள். அதனால் அங்கே ஒன்பது மணிக்கு வருவது எங்களுக்கு ஒன்பதரை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சம்பூர்ப் பக்கத்தில் பழைய நேரமே ஓடியது. ஒரே மாவட்டத்தில், ஒரே குடாவுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும், அதே நாடகம் இரண்டு நேரத்தில் நடந்தது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். எதிர்நீச்சல் வந்தபோது கடிகாரங்கள் எல்லாம் ஒத்துப்போயிருந்தன. அங்கேயும் இரவு ஒன்பதரை, இங்கேயும் ஒன்பதரை.

கதை மதுரையில். பணக்கார வீடு, நான்கு சகோதரர்கள்: குணசேகரன், ஞானசேகரன், கதிர்வேல், சக்திவேல். மூத்தவர் வைத்ததுதான் சட்டம். நான்கு மருமக்களும் படித்த, திறமையுள்ள பெண்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக வந்த ஜனனி. படித்த பெண்ணைத் தேடிப் பிடித்துக் கலியாணம் செய்துவந்து குசினிக்குள் நிறுத்துவதில் குணசேகரனுக்கு ஒரு திருப்தி. சொத்தில் அப்பத்தாவுக்கு இருக்கும் நாற்பது வீதப் பங்கு அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். தங்கை ஆதிரை அருணை விரும்பினாள். அவளைக் கரிகாலனுக்குக் கட்டிவைக்க அவர் செய்த சூழ்ச்சி 2023இல் வாரக்கணக்காக ஓடியது. இதற்கு மேல் கதையைச் சொல்லத் தேவையில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு இதுவே போதும்.

இதில் மாரிமுத்து என்ன செய்தார் என்று விளங்க, ஒரு மெகா நாடகம் எப்படி எடுக்கப்படுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சினிமாவில் நடிகருக்குக் கதையின் தலையும் வாலும் தெரியும். நாடகத்தில் வால் எழுதியவருக்கே தெரியாது. கிழமைக்கு ஆறு நாள் ஒளிபரப்பு என்றால் எடுத்த காட்சி பெட்டிக்குள் தூங்காது. வசனம் பல நேரம் அன்றன்றைக்குத்தான் கைக்கு வரும். கமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் ஒருவர் வசனத்தை எடுத்துக் கொடுக்க, நடிகர்கள் அதைக் காதில் வாங்கிப் பேசுவார்கள். ஒரு செய்தியை நாலு நாள் இழுக்க வேண்டும். ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் கூடத்தில் நிற்கிற பத்துப் பேரின் முகத்தையும் கமரா ஒவ்வொன்றாகத் தொட்டுவரும், பின்னணியில் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். இந்த முறைக்குள் கதாநாயகிக்குக் கண்ணீரும் முறைப்பும் போக அதிகம் மிஞ்சாது.

நாடகத்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள் குணச்சித்திர நடிகர்கள். 2002இல் வந்த 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்பிள்ளைகளின் தகப்பன் சிதம்பரமாக டெல்லி குமார் நடித்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு தகப்பனின் அலுப்பை அவர் தோளிலேயே காட்டிவிடுவார். அவர் அங்கே பொறுமையால் செய்ததை மாரிமுத்து இங்கே பொறுமையின்மையால் செய்தார்.

கமராவுக்குப் பின்னால் நின்ற வருடங்கள் அவருக்குக் கைகொடுத்தன. எந்த இடத்தில் வெட்டுவார்கள், எந்த இடத்தில் முகத்தை நெருக்கத்தில் எடுப்பார்கள் என்பது உதவி இயக்குநராக இருந்தவருக்குத் தெரியாமல் போகாது. மற்றவர்கள் அந்த நெருக்கக் காட்சிக்கு என்று ஒரு முகத்தைத் தயாராக வைத்திருப்பார்கள், கண்ணை விரிப்பார்கள், பல்லைக் கடிப்பார்கள். குணசேகரன் அந்த நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் செய்யமாட்டார். சோபாவில் சாய்ந்தபடி, தம்பிமார் சுற்றி நிற்க, எதிரில் நிற்கிற பெண் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பாதிச் சிரிப்பு இருக்கும். அவள் சொல்வதில் நியாயம் இருப்பது அவருக்கும் தெரியும் என்று அந்த முகத்தில் எழுதியிருக்கும். அதுதான் பயம். நியாயம் விளங்காத முரடனைச் சமாளித்துவிடலாம். விளங்கியும் மசியாதவனை என்ன செய்வது?

பிறகு பேச்சைத் தொடங்குவார். தொடக்கம் எப்போதும் தணிந்துதான் இருக்கும். 'நான் என்னம்மா கேட்டுட்டேன்' என்கிற தோரணை. ஊரில் யாரைக் கேட்டாலும் இவர் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிற மாதிரி ஒவ்வொரு படியாக வைத்துக்கொண்டு போவார். எதிரில் நிற்பவர் வாயைத் திறக்கிற அந்தக் கணத்தில் குரல் உடையும். "ஏய்... இந்தாம்மா ஏய்." முதல் 'ஏய்' ஆளை நிறுத்தும். நடுவில் வருவதில் ஒரு பொய் மரியாதை. இரண்டாவது 'ஏய்' கொடுத்த மரியாதையைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளும். மூன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பித் தம்பியிடம் வேறு ஏதாவது கேட்பார். கத்துகிற வில்லன்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். கத்திவிட்டு அடுத்த நொடியே சாதாரணமாகிவிடுகிறவரை ரீவியில் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் பார்த்திருக்கிறோம்.

அந்த வசனங்களை எழுதியவர் ஸ்ரீவித்யா என்ற பெண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட ஆண்களின் வாயில் அடுத்து என்ன வரும் என்பது பெண்களுக்குத்தான் சொல் பிசகாமல் தெரியும். எழுதினது அவர், அதற்குத் தேனிப் பக்கத்து மூச்சைக் கொடுத்தது இவர். வசனம் எங்கே முடிகிறது, இவர் சேர்த்துக்கொண்டது எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்ல நடிகருக்கு அடையாளம்.

குரலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் நாடகங்களில் படப்பிடிப்பில் பேசியது பெரும்பாலும் அப்படியே காற்றில் வருவதில்லை. எடுத்து முடித்த காட்சியைத் திரையில் ஓடவிட்டு, ஒலிப்பதிவு அறையில் திரும்பப் பேசுவார்கள். வேறு மொழி பேசும் நடிகைகள் பலருக்கு வேறு ஒருவர் குரல் கொடுப்பார். சொந்தக் குரலில் பேசுபவர் ஒரே காட்சியை இரண்டு தடவை நடிக்கிறார்: ஒருமுறை உடம்பால், இன்னொரு முறை கதிரையில் இருந்துகொண்டு வெறும் தொண்டையால். அந்த இரண்டாவது நடிப்பில்தான் பலர் தோற்றுப்போவார்கள். உதடு பொருந்தும், உயிர் பொருந்தாது. மாரிமுத்துவின் குரலில் அந்த ஒட்டுப்போட்ட தையல் தெரியாது. கடைசிக் காலையும் அவர் அந்த வேலையில்தான் இருந்தார். தம்பி ஞானசேகரனாக நடித்த கமலேஷுடன் டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது முடியாமல் போக, வெளியே வந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வடபழனியில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனார். மாரடைப்பு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நடிகனை முதலில் காதால் எடைபோடும் பழக்கம் உண்டு. அது வானொலியில் இருந்து வந்தது. ரீவி வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இலங்கை வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 'கோமாளிகள் கும்மாளம்' போகிற நேரம் எல்லாரும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்களாம். மரிக்காராக வந்த ராம்தாஸ் முஸ்லிம் மக்களின் தமிழில் பேசுவார், அப்புக்குட்டியாக வந்த ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழில், உபாலியாக வந்த செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழில், ஐயராக வந்த அப்துல் ஹமீட் ஐயர்த் தமிழில். முகமே இல்லாமல் பேச்சை மட்டும் வைத்து நாலு மனிதர்களை நாலு ஊர்க்காரர்களாகப் பிரித்தறிந்த காது அது. கே.எஸ். பாலச்சந்திரன் தனி ஆளாக மேடையில் பஸ் கொண்டக்டராக நின்று செய்த 'அண்ணை றைட்' வேறு எதனால் இவ்வளவு காலம் நின்றது? அதில் பஸ்ஸும் இல்லை, சனமும் இல்லை. எல்லாம் குரல்.

அப்படிப் பழகின காதுக்குச் சென்னை நாடகங்களின் பொதுத் தமிழ் சப்பென்றுதான் இருக்கும். எல்லா மாமியாரும் ஒரே தமிழ், எல்லா வில்லியும் ஒரே தமிழ். குணசேகரன் வாயைத் திறந்தால் ஒரு ஊர் தெரிந்தது. அந்த ஊருக்கு எங்களில் அநேகம் பேர் போனதே இல்லை. ஆனாலும் இது யாரோ எழுதிக்கொடுத்து ஒப்பிக்கிற பேச்சு இல்லை, பிறந்த வாயில் இருந்து வருகிற பேச்சு என்பது பாலையூற்றில் மீன் வெட்டிக்கொண்டே ஒரு காதால் கேட்கிற மாமிக்கும் விளங்கியது. அந்த மாமி பாதி நேரம் திரையைப் பார்ப்பதே இல்லை. கையில் சூடை மீன் இருக்கிறது. குரலை வைத்தே "இப்ப எழும்பிட்டான்" என்பார். பார்த்தால் எழும்பித்தான் நிற்பார்.

சரி, குரல் பிடித்தது. அந்த மனிதன் செய்கிற அநியாயம் எங்களோடு ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது? இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பொதுவாக வீடு பெண்ணுக்குச் சொந்தம். மகளுக்குக் கலியாணம் என்றால் சீதனமாக வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம். நாலு மருமக்கள் ஒரே குசினிக்குள் நின்று மூத்த அத்தானுக்குப் பயந்து சமைக்கிற காட்சி எங்கள் ஊர் வாழ்க்கையில் கிடையாது. இங்கே குணசேகரன் இருந்திருந்தால், வீட்டு உறுதி (பத்திரம்) ஈஸ்வரியின் பெயரில் இருந்திருக்கும். நாலு சகோதரர்களும் நாலு பெண் வீட்டில் பிரிந்து கிடந்திருப்பார்கள். அப்பத்தாவின் நாற்பது வீதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

இதைச் சொல்லிப் பார்த்தால் பெண்கள் சிரிக்கிறார்கள். "உறுதி என்ர பேரிலதான் கிடக்கு. அலுமாரித் திறப்பு ஆற்ற கையில இருக்கு?" என்று ஒரு அக்கா கேட்டார். விஷயம் அதுதான். வீடு அவளுடையது, மாப்பிள்ளைதான் வந்து குடியிருக்கிறார். ஆனால் மகள் கம்பஸ் போவதா வேண்டாமா, நகையை அடகு வைப்பதா, வெளிநாட்டில் இருந்து வந்த சம்பந்தத்துக்கு என்ன பதில் சொல்வது என்று வரும்போது கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து முடிவு சொல்வது யார்? கணவராக இல்லாவிட்டால் அண்ணன், அண்ணன் இல்லாவிட்டால் தாய்மாமன். அவர் கனடாவில் இருந்தாலும் வீடியோ கோலில் வந்து உட்கார்ந்துகொள்வார். சொத்து ஒரு வழியிலும் சொல் ஒரு வழியிலும் போகிற வீடுகள் எங்களுடையவை. மதுரைக் குணசேகரனிடம் சொத்தும் சொல்லும் ஒன்றாக இருந்தன. அவரிடம் இருந்து சொத்தைக் கழித்துவிட்டு, மிச்சம் இருக்கிற சொல்லை மட்டும் எங்கள் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். அது அப்படியே பொருந்தியது.

பொருந்துவதற்கு இன்னொரு காரணம், மாரிமுத்து அந்த மனிதனை ஒருபோதும் பெரிய ஆளாக்கவில்லை. இதுதான் நான் அவரை வியக்கிற இடம். குணசேகரன் பயங்கரமானவன், அதே நேரம் அற்பமானவன். யாராவது புகழ்ந்தால் முகம் குளிரும். தான் சொன்ன பகிடிக்குத் தம்பிமார் சிரிக்கிறார்களா என்று பார்ப்பார். பெண்கள் நாலு பேரும் அவர் இல்லாத நேரம் குசினியில் கூடிச் சிரித்துக் கதைப்பதை அறிந்தால் உலகமே தனக்கு எதிராகத் திரும்பிவிட்டதுபோல் நொந்துபோவார். அதிகாரம் பண்ணுகிறவன் உள்ளுக்குள் எவ்வளவு பயந்தவன் என்பதை வசனத்தில் சொல்லாமல் காட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கம்பீரம் கூடியிருந்தால் அவன் வழமையான வில்லன். கொஞ்சம் கோமாளித்தனம் கூடியிருந்தால் பயம் போயிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த மெல்லிய வரப்பில் அறுநூறு நாளுக்குக் கிட்ட நடந்தார்.

'பரியேறும் பெருமாள்' (2018) படத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்ததும் தெரியும். அதில் அவர் கதாநாயகி ஜோதியின் தகப்பன். குரல் உயராத, அடிக்கத் தெரியாத, நல்லவர் என்று சொல்லத்தக்க மனிதர். கலியாண வீட்டில் மகளின் சாதிக்கார உறவினர்கள் கதாநாயகன் பரியனை அறைக்குள் அடைத்து அடிக்கிறார்கள். தகப்பன் அவர்களை விலக்குகிறார், அவனிடம் கெஞ்சுகிறார், இதில் என் மகளும் செத்துப்போவாள் என்கிறார். அந்தக் கெஞ்சலில் பொய் இல்லை. ஆனால் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் மாற்றமும் இல்லை. கடைசிக் காட்சியில் அவர் வந்து ஆறுதலாகப் பேசும்போது, பரியன் சொல்கிற பதில் அந்த நல்ல தகப்பனின் முகத்தில் வந்து உட்காருகிறது. ஒரு நடிகருக்கு அது எவ்வளவு கஷ்டமான இடம்! வெட்கப்படவும் வேண்டும், முழுக்க மாறியும் விடக்கூடாது.

குணசேகரனும் அந்தத் தகப்பனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்குத் தோன்றும். ஒருவர் கத்திக் காரியம் சாதிப்பவர், மற்றவர் கைகூப்பிக் காரியம் சாதிப்பவர். இரண்டு பேருக்கும் குடும்ப மானம்தான் கடைசிச் சொல். எங்கள் ஊரில் இரண்டாவது வகைதான் அதிகம் என்பேன். சாதி பார்க்கமாட்டோம் என்று மேடையில் பேசிவிட்டு, சம்பந்தம் கதைக்கும்போது "எங்களுக்கு ஒண்டுமில்ல, சொந்தக்காரர் என்ன சொல்லுவினமோ" என்று இழுக்கிற நல்லவர்கள். இவர்களைத் திட்டவும் முடியாது. குணசேகரனையாவது திட்டலாம்.

நாடகம் தொடங்கின காலத்தையும் மறக்கக்கூடாது. 2022 பெப்ரவரி என்றால் இலங்கையில் கரண்ட் வெட்டத் தொடங்கியிருந்த நேரம். A முதல் W வரை ஊர்களை எழுத்துப் போட்டுப் பிரித்து, எந்த எழுத்துக்கு எப்போது இருட்டு என்று அட்டவணை விட்டார்கள். மார்ச் கடைசியில் அது ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரைக்கும் போனது. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டின தொண்ணூற்றொன்பது எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. இந்திய ரூபாய் ஒன்று எங்கள் ரூபாயில் மூன்றுக்கும் குறைவாக இருந்தது, சில மாதத்தில் நாலரையைத் தாண்டியது. இந்திய டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் போடுகிறவர்களுக்கு அது நேரே தலையில் விழுந்த அடி. பலர் டிஷ்ஷைக் கைவிட்டுப் போனில் பார்க்கத் தொடங்கினார்கள். கரண்ட் இருக்கிற வீட்டில் போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்து, இருட்டில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். உள்ளங்கை அளவு திரையில் முகபாவம் எங்கே தெரியும்? அங்கேயும் குரல்தான் வேலை செய்தது. துண்டு துண்டாகப் பகிரப்பட்ட காட்சிகளில் அதிகம் ஓடியது குணசேகரன் பேசும் துண்டுகள்தான். நாடகம் பார்க்காத ஆண்கள் அந்த வழியாகத்தான் அவருக்கு ரசிகர்களானார்கள்.

அந்த ஆண் ரசிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். எல்லாரும் சரியான காரணத்துக்காக அவரை ரசிக்கவில்லை. "பொம்பிளையளை இப்பிடித்தான் வைக்க வேணும்" என்று அந்தத் துண்டுகளை அனுப்பினவர்களும் உண்டு. நன்றாக நடிக்கப்பட்ட கொடுங்கோலனுக்கு இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. நாடகத்தின் மேலும் குற்றம் உண்டு. பெண்கள் ஜெயிக்கப்போகிறார்கள் என்று ஒவ்வொரு கிழமையும் ஆசைகாட்டிவிட்டுத் திரும்பக் குசினிக்கே கொண்டுவந்து விட்டார்கள். குணசேகரனுக்கு இருந்த வரவேற்பைப் பார்த்து அவருக்கே அதிக நேரம் கொடுத்தார்கள் என்பதும் என் சந்தேகம். நாலு பெண்களின் எதிர்நீச்சல் என்று தொடங்கியது. ஒரு கட்டத்தில் வெள்ளத்தைப் பார்க்கத்தான் சனம் வந்தது.

நடிகரின் மேல் அந்தக் குற்றத்தைப் போடமாட்டேன். திரைக்கு வெளியே அவர் வேறு ஆள். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஜீ தமிழின் 'தமிழா தமிழா' விவாதத்தில் சோதிடர்களோடு நேருக்கு நேர் மோதினார். நெற்றிக்கு நேரே பகுத்தறிவு பேசினார். இறந்த பிறகு சிலர் அதையே எடுத்துவைத்துக்கொண்டு, சோதிடத்தைப் பழித்ததால் போனார் என்று எழுதினார்கள். நாடகத்தில் நெஞ்சுவலி பற்றி அவர் பேசிய ஒரு துண்டும் அதே கையோடு ஊர் முழுக்கச் சுற்றியது. சாவிலும் குணசேகரனையும் மாரிமுத்துவையும் பிரிக்க ஆட்களுக்கு மனம் வரவில்லை. சொந்த ஊரான பசுமலைத்தேரியில்தான் இறுதிச் சடங்கு நடந்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் ரஜினியின் 'ஜெயிலர்' வெளிவந்திருந்தது, அதிலும் அவர் இருந்தார். முப்பது வருடம் காத்திருந்த மனிதருக்குக் கதவு முழுக்கத் திறந்த நேரம்.

அவருக்குப் பிறகு வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். நல்ல எழுத்தாளர், 'குற்றப் பரம்பரை' நாவலை எழுதியவர், சினிமாவில் அவர் மீசையைப் பார்த்தாலே ஊர் அடங்கும். தேர்வில் பிழை இல்லை. ஆனாலும் நடந்தது சுவாரசியமானது. அதே வீடு, அதே தம்பிமார், வசனத்தில் அதே காரம். குணசேகரன் மட்டும் வேறு ஒருவனாகிவிட்டான். வேல ராமமூர்த்தியின் குணசேகரன் உண்மையிலேயே ஆபத்தானவன். அரிவாள் எடுப்பான் என்று நம்பலாம். மாரிமுத்துவின் குணசேகரன் அரிவாள் எடுக்கவே தேவையில்லாதவன். சாப்பாட்டு மேசையில் ஒரு பார்வையால் உங்கள் நாளைக் கெடுத்துவிட்டு, பிறகு ரசம் நன்றாக இருக்கிறது என்பான். முதலாவது ஆள் பொலிஸுக்குச் சொல்ல வேண்டிய ஆள். இரண்டாவது ஆளைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது?

2024 ஜூனில் நாடகம் முடிந்தது, அந்த டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று திரும்பவும் வந்தது. திருகோணமலையில் இப்போதும் பார்க்கிறார்கள். மீன் வெட்டுகிற மாமியிடம் புதுக் குணசேகரன் எப்படி என்று கேட்டேன். "இவருக்குப் பயமாத்தான் கிடக்கு. திட்ட வாய் வரேல்ல" என்றார்.